ஒன்றாம் பொத்தான்

ஏரல்
17.6.1996

வள்ளியூர் ஹெட்மாஸ்டர் சம்பந்தி ஞானசிகாமணி அவர்களுக்கு, ஏரல் வாழைத்தார் கமிஷன் கடை இஸ்ரவேல் சொல்ல, எதிர் டீக்கடை சேக் முகம்மது எழுதியது.

இங்கே நானும் சாரம்மாளும் சுகம். அங்கே மருமகள் ஸ்டெபியும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்கக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். நம் வீட்டுக் கடிதமெல்லாம் வழக்கமாகச் சாரம்மாள்தான் எழுதுவாள். இன்றைக்கு அவள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். அதனால் சேக் முகம்மதுவைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அவர் கை, சொல் கோணலாக இருந்தால் என் வாய்.

விஷயம் போனைப் பற்றியது. ஈஸ்டருக்குப் பம்பாயிலிருந்து வந்த ஜெனோ, கம்பியில்லாத போன் ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான் அல்லவா? பெட்டி சுவரோரம் கிடக்கும், பேசுகிற துண்டு மட்டும் கையோடு வரும். அதை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி சேக் கடை பெஞ்சு வரைக்கும் போகலாம். அதற்கு அப்பால் போனால் கொரகொரவென்று ஆகிவிடும்.

"அப்பா, ஒங்களுக்கு எழுத்து தெரியாதுன்னு கவலப்பட வேண்டாம். ஒண்ண அமுக்குனா வள்ளியூரு, ரெண்டு டாக்டரு, மூணு நான். ஒரு விரலு போதும்" என்றான். எனக்கு எண் தெரியும். பாளையங்கோட்டை மார்க்கெட் கடைகள் அத்தனையின் நம்பரும் மனதில் கிடக்கிறது. ஆனாலும் மகன் எனக்கென்று யோசித்துச் செய்த காரியம் அல்லவா? பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் சம்பந்தி, அந்த போனை உண்டாக்கினவன் இடுப்பில் வேட்டி கட்டுகிறவன் இல்லை. பழைய கறுப்பு போன் தூக்கினால் பேசும், வைத்தால் வாயை மூடும். வைத்ததும் 'டங்'கென்று நமக்குத் தெரியும். இதில் பொத்தானெல்லாம் வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அமுக்கினால் விரலுக்கும் தெரிவதில்லை, காதுக்கும் தெரிவதில்லை. லைன் திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் கடுகுபோல ஒரு சிவப்பு விளக்கு. அதுவும் வெயிலில் தெரியாது. சட்டைப்பைக்குப் பெரியது, கைக்குச் சிறியது, வேர்த்தால் வழுக்குகிறது. வேறு வழியில்லாமல் இடுப்புப் பச்சை பெல்ட்டுக்குள் செருகிக்கொள்வேன். ஏரியல் குச்சி விலாவில் குத்தும். கமிஷன் கடைக்காரன் பெல்ட் உங்களுக்குத் தெரியாததா? குனிந்தால் இறுகும்.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேக் கடை பெஞ்சில் இருந்தேன். நாலு பேர் சிரிக்கிற இடம். கீழே வைத்த கிளாஸை எடுக்கக் குனிந்தேன், நிமிர்ந்தேன், பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து சேக், "அண்ணாச்சி, ஒம்ம வயித்துல என்னவே செவப்பா எரியுது?" என்றார். உருவிக் காதில் வைத்தேன். யாரும் பேசவில்லை. ஆனால் ஒரு சுவர்க்கடிகாரம் அடித்தது. மூன்றாவது மணிக்குப் பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நாலாவது மணி அடிக்கும் கடிகாரம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், உங்கள் கூடத்தில் இருப்பது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

ஸ்டெபியை ஏழாம் மாதம் அழைத்துப்போக வந்தபோது நீங்கள் கொண்டுவந்த கட்டுச்சோற்றைப் பற்றிப் பேச்சுவாக்கில் இரண்டு வேடிக்கை சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு ஆராதனை முடிந்தும் உங்கள் போன் வரவில்லை. கோபமானால் கூப்பிட்டுத் திட்டுங்கள். குற்றம் முக்கால்வாசி அந்தப் பொத்தானுடையது.

இஸ்ரவேல்


வள்ளியூர்
24.6.1996

மாமாவுக்கு ஸ்டெபியின் அக்கா எமிமா எழுதிக்கொள்வது.

நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்துக்கு நான் பதில் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்னும் வாசிக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். வருகிற கடிதங்களை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் பிரித்தேன்.

போனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைக் கேட்டு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "இஸ்ரவேலு மட்டும் நாலு எழுத்து படிச்சிருந்தா வக்கீலுல்லா ஆயிருப்பாரு!" என்றார். கடிகாரம் வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். "அப்பொறம் எல்லாம் சுகவிசாரிப்புதான்ப்பா" என்று மடித்து வைத்தேன்.

அப்பாவுக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. தென்னைமட்டை விழுந்து எங்கள் லைன் அறுந்து கிடந்ததால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க வேண்டாம்.

அன்றைக்கு போனை எடுத்தது நான்.

மணி அடித்தது, எடுத்தேன். துணி உரசுகிற சத்தமும் நடுவில் உங்கள் இருமலும் மட்டும் வந்தன. "மாமா, மாமா" என்று கூப்பிட்டேன். நீங்கள் எங்கேயோ விழுந்துவிட்டீர்களோ, பொத்தானை மட்டும் அமுக்க முடிந்து பேச முடியாமல் கிடக்கிறீர்களோ என்று எனக்குப் பதறியது. வைத்துவிட்டால் உங்களை யார் பார்ப்பார்கள் என்று வைக்காமல் நின்றேன். அதற்குள் உங்கள் குரல் கேட்டது. அது நல்ல போன் மாமா. பெல்ட்டுக்குள் இருந்துகொண்டே ஒரு சொல் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தது.

"கட்டுச்சோறா வே அது? ஏழு வகன்னு பேரு, ஏழும் புளி. ஹெட்மாஸ்டர் வீட்டுச் சோறுல்லா, மார்க்கு போடுத மாதிரி அளந்துதான் வைப்பாவ" என்றீர்கள். எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சோற்றைக் கிண்டியவள் நான்தான். புளி அதிகம்தான்.

அப்புறம் ஒருவர், "மூத்த மவ வந்திருக்காளாமே அண்ணாச்சி, தாயில்லாத வீடு, தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு பாக்கவா?" என்று கேட்டார். நீங்கள், "பிள்ளைப்பேறா? அவ அதுல என்னத்தக் கண்டா! ஏழு வருசம் பாத்துட்டு, போதும்னு புருசன் அனுப்பிட்டான் வே. இப்ப நம்ம வீட்டுப் பிள்ள பொறந்தா மொதல்ல தூக்குதது அவளால்லா இருக்கும்? நெனச்சா வயித்தக் கலக்குது" என்றீர்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கடிகாரம் அப்போதுதான் அடித்தது.

நான் நாகர்கோவிலில் புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்ட விஷயத்தை, கட்டுச்சோறு கொண்டுவந்த அன்று வாழைத்தார் அறையில் வைத்து அப்பா உங்களிடம் தனியே சொன்னார். வெளியே யாருக்கும் அவர் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வேனில், "எங்கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம நின்னாரு. நல்ல மனுசன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஸ்டெபியிடமும் சொல்லவில்லை. நீங்கள் முக்கால்வாசிக் குற்றத்தைப் பொத்தானுக்குக் கொடுத்ததால்தான் இதை எழுத நேர்ந்தது.

எமிமா


ஏரல்
3.7.1996

எமிமா அம்மாளுக்கு இஸ்ரவேல் சொல்வது. எழுதுவது சேக் முகம்மதுதான்.

உன் கடிதத்தை சேக் எனக்கு வாசித்தார். கட்டுச்சோறு வரைக்கும் உரக்க வாசித்தார், பிறகு குரல் இறங்கிவிட்டது. முடித்ததும் அடுப்பைப் பார்க்கப் போகிறவர்போல எழுந்து போய்விட்டார். அன்றைக்குச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

பொத்தானைக் குற்றம் சொன்னதை விட்டுவிட்டேன். அமுங்குவதுதான் பொத்தானின் வேலை. பேசியது நான்.

நீ எழுதியதில் ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. இந்தத் தலையில் விழுந்தது எதுவும் போவதில்லை அம்மா. எழுத்துத் தெரியாதவனுக்கு வேறு எதில் வைத்துக்கொள்ள முடியும்? அதனால்தான் இப்போது தூங்க முடியவில்லை. ஜெனோ கல்யாணத்தில் கோவில் ரிஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உன் அப்பா பக்கத்து ஆட்களெல்லாம் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். எனக்குக் காது கொதித்தது. நீ எங்கிருந்தோ வந்தாய். மைப்பெட்டியை உன் சேலைத் தலைப்புக்குள் மறைத்துப் பிடித்து, "பைய மாமா, இங்கன வையுங்க" என்றாய். நான் கைநாட்டு வைத்ததை உன் முதுகு மறைத்தது. கைக்குட்டையால் என் பெருவிரலைத் துடைத்தும் விட்டாய். யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றித்தான் நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்று, சாரம்மாள் கடைத்தெருவுக்குப் போன நேரமாகப் பார்த்து ஒன்றை அமுக்கினேன். எனக்கு இந்த போனில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு. நடுவில் ஆள் இல்லாமல் நான் ஒருவனாகப் பேசலாம். நீ எடுத்து "ஹலோ" என்றாய். நீ இன்னும் ஒருமுறை "ஹலோ" என்றாய், அப்புறம் "யாரு?" என்றாய். அணைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே ஆயிற்று. தெரியாமல் அமுங்கியபோது அவ்வளவு பேசிய வாய், தெரிந்து அமுக்கியபோது பேசவில்லை. அதனால் மறுபடியும் சேக் கையில் வந்து விழுந்திருக்கிறேன்.

அன்றைக்குக் கேள்வி கேட்டவர் பெயர் பீர் மைதீன், கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவரிடம், நான் சொன்னது பொய், அந்தப் பெண் தங்கச்சிக்குத் துணையாகத்தான் வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். மற்ற ஆட்களிடமும் சொல்லிவிடுகிறேன். நான் தகாத வார்த்தை ஒன்று சொன்னதற்காக நீ மன்னித்துக்கொள்ள வேண்டும்.

இஸ்ரவேல்


வள்ளியூர்
22.7.1996

மாமாவுக்கு எமிமா எழுதுவது.

பதினோராம் தேதி ஸ்டெபிக்குப் பெண் பிறந்ததை அத்தை வந்து பார்த்துவிட்டாள், உங்களிடமும் சொல்லியிருப்பாள். உங்களுக்குக் கால்வலி, பஸ்ஸில் உட்கார முடியவில்லை என்றாள். அத்தை கொண்டுவந்த எண்ணெய், பச்சை மருந்து எல்லாம் பிரயோஜனப்பட்டன. பத்து நாள் இருந்து எனக்கு ஒரு கை கொடுத்தாள். ராத்திரியில் பிள்ளை அழுதால், "நீ படு, நேத்து நீதான் முழிச்ச" என்று என்னைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். டீக்கடைப் பேச்சு எதுவுமே அவளுக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

பிரசவ அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்தபோது வாசலில் நான் ஒருத்திதான் இருந்தேன். பிள்ளையை என் கையில்தான் கொடுத்தாள். நீங்கள் பயந்தபடியே நடந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். எடை ஆறு ராத்தல், நல்ல தொண்டை.

பீர் மைதீனிடம் எதையும் திருத்த வேண்டாம். திருத்துவதற்கும் என் பெயரை இன்னொரு தடவை எடுக்க வேண்டும், கேட்பவர் இன்னொரு தடவை நினைத்துப் பார்ப்பார். இன்னொன்று, என்னை யாரும் அனுப்பவில்லை. கல்யாணமாகி ஆறாம் வருஷத்திலிருந்து அந்த வீட்டில் எனக்குத் தட்டில் சோறு போட்டு வைப்பதில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறினேன். அப்பா உங்களிடம் இதைச் சொல்லவில்லை. மகளை வேண்டாம் என்றார்கள் என்பதைவிட, மகள் வேண்டாம் என்று வந்தாள் என்பதுதான் அவருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.

மணியடித்து மூச்சு மட்டும் வந்த போன் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். அன்றும் நான் வைக்காமல்தான் நின்றேன்.

ஆகஸ்ட் 25 ஞாயிறு ஞானஸ்நானம். ஜெனோவுக்கு அந்த வாரம்தான் லீவு கிடைக்கிறது, அதனால் எங்கள் கோவிலிலேயே வைத்துவிடலாம் என்றாகிவிட்டது. ஞானத்தாயாக நிற்க என்னைத்தான் ஸ்டெபி கேட்டிருக்கிறாள். நீங்கள் கால்வலி என்று வராமலிருந்துவிடலாம், எல்லோரும் நம்புவார்கள். வந்து என் முகத்தைப் பார்க்காமல் தூணோரம் நின்றுவிட்டும் போகலாம், யாருக்கும் தெரியாது. எனக்கு இரண்டும் வேண்டாம்.

நீங்கள் 'தகாத வார்த்தை ஒன்று' என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். டீக்கடையில் அது 'தகாத வார்த்தை ஒன்று' என்று வரவில்லை. சேக் அண்ணாச்சிக்குச் சங்கடம் என்றால் அவர் எழுத வேண்டாம். உங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் அத்தை கையெழுத்தில்தான் வரும். அன்றைக்குச் சொன்னதை அவளிடம் சொல்லி, அவள் கையால் எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு வாருங்கள். முடியாவிட்டால் கால்வலி இருக்கட்டும்.

எமிமா


ஏரல்
8.8.1996

எமிமாவுக்கு மாமா சொல்ல, சாரம்மாள் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை சேக்தான் வாசித்தார். வாசித்து மடித்து என் சட்டைப்பையில் வைத்து, "இனி இதுக்கு என்னக் கூப்பிடாதிரும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் அது என் பையிலேயே கிடந்தது. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொண்டேன்.

நேற்று சாரம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "என்ன, பசிக்கா?" என்று கேட்டாள். கடிதத்தை அவள் முன்னால் நீட்டினேன். கையெல்லாம் செதிள் என்றாள். பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் குனிந்தபடியே வாசித்தாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள்.

(எமிமா, இது நான். வலிக்கிற கால் எது என்று பார்த்தேன். பத்து நாளும் உங்கள் எல்லோரிடமும் கால்வலி, கால்வலி என்று சொல்லி, திரும்பி வந்ததும் எண்ணெய் வேறு காய்ச்சி இவருக்குத் தேய்த்துவிட்டிருக்கிறேன். சா.)

அதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள். நான் சொல்வது மட்டும்தான் வரும் என்று நினைத்தேன். பேனா அவள் கையில் இருக்கிறது.

வாசித்து முடித்து மீதி மீனையும் ஆய்ந்தாள். மீனைப் பொரித்துத் தட்டில் வைத்தாள், தண்ணீர் வைத்தாள், போய்விட்டாள். எனக்கு இறங்கவில்லை. நீ சட்டியில் வழித்துத் தின்றாய் என்று எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. இன்றைக்குக் காலையில் அவளே தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"எத?"

"அங்கன பெஞ்சுல ஒக்காந்து சொன்னத. எங்கிட்டச் சொல்லுங்க. எழுதுதேன்."

முப்பத்தெட்டு வருஷமாகக் கூட இருக்கிறவள் முன்னால் அதைச் சொல்வதற்கு, நாலு பேர் சிரிக்கிற இடத்தில் சொல்வதுபோல வாய் வரவில்லை. கட்டுச்சோற்றைச் சொன்னேன், எழுதினாள். அளந்து வைப்பார்கள் என்றதைச் சொன்னேன், எழுதினாள். பிள்ளைப்பேற்றில் அவள் என்னத்தைக் கண்டாள் என்று சொன்னேன், புருஷன் அனுப்பிவிட்டான் என்று சொன்னேன், முதலில் தூக்குவது அவளாக இருக்கும், வயிற்றைக் கலக்குகிறது என்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினாள். எழுதிவிட்டு அடுத்தது என்ன என்பதுபோலப் பார்த்தாள்.

அடுத்தது அந்த ஒரு வார்த்தை. பிள்ளை பெறாதவளைச் சொல்கிற வார்த்தை. அதையும் சொன்னேன். குனிந்துகொண்டு சொன்னேன். "கேக்கல" என்றாள். நிமிர்ந்து சொன்னேன்.

அவள் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டாள்.

"ஜெனோ வயித்துல வர்றதுக்கு முன்ன ஒன்பது வருசம் ஒங்க அம்மா என்ன அப்பிடித்தான் கூப்பிட்டா. நீங்க வெளிய மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நிப்பீங்க. காதுல விழலன்னு நெனச்சேன்" என்றாள்.

என் காதில் விழுந்தது, எமிமா. ஒவ்வொரு தடவையும் விழுந்தது. மறந்தவன் என்றால்கூடப் பரவாயில்லை. அந்த வார்த்தையை நான் எங்கேயும் போய்ப் பொறுக்கவில்லை, என் வீட்டுக்குள் கிடந்ததைத்தான் எடுத்து உன்மேல் எறிந்திருக்கிறேன்.

எழுது என்று அவளைக் கெஞ்சினேன். உனக்குக் கொடுக்க வேண்டியது என்றேன். "அத மட்டும் எங்கையால எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு எழுதத் தெரியாது. ஆகவே அதற்கு ஒரு சொல் அளவு இடம் விட்டிருக்கிறாள். இதோ:

"                    "

இவ்வளவுதான் என்னால் முடிந்தது. இது போதாது என்று உனக்குத் தோன்றினால் நான் வரவில்லை.

இஸ்ரவேல்

(எமிமா, கைநாட்டு வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறார். மை அதிகம், பரவியிருக்கிறது. சாரம்மாள்)


வள்ளியூர்
14.8.1996

மாமாவுக்கும் அத்தைக்கும் எமிமா எழுதுவது.

கடிதம் வந்தது. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போது தானே வாசிக்கிறார். தபால்காரர் வந்தபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்திருந்ததால், ஓடிப்போய் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். "என்னட்டி ஒளிக்க?" என்று கேட்டார். அத்தை எனக்கு மட்டும் எழுதியது என்றேன். அது பொய்யில்லை.

விட்ட இடத்தை நான் நிரப்பவில்லை. அத்தை, நீங்கள் பத்து நாள் பக்கத்தில் படுத்திருந்தீர்கள், ஒரு தடவைகூட அந்த ஒன்பது வருஷத்தைச் சொல்லவில்லையே. வரும்போது சொல்லுங்கள்.

மாமா, மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். இரண்டு தாளைக் கிழித்தேன். இன்னும் அது வரவில்லை, வராததை எழுத மனமில்லை. ஆனால் நீங்கள் வர வேண்டும். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை காலை எட்டு மணிக்கு.

போதகர் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்ததும் பிள்ளையை ஞானத்தாய் கையில்தான் கொடுப்பார். முன்வரிசையில் தாத்தாவாக நீங்கள் நிற்பீர்கள். என்னிடமிருந்துதான் நீங்கள் வாங்க வேண்டும். தலையைக் கீழே போட்டுக்கொண்டு கையை மட்டும் நீட்டினால் கொடுக்க மாட்டேன்.

எமிமா